நேதாஜியின் சிலைகளும் பெயரில்லாத சிப்பாய்களும்

1945 ஜூலை 8ஆம் தேதி சிங்கப்பூர் எஸ்பிளனேட் கடற்கரையில் சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இம்பால் படையெடுப்பு தோற்று ஓராண்டு ஆகியிருந்தது. ரங்கூனை விட்டு அவர் வெளியேறி இரண்டரை மாதம். ஜப்பான் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எவராலும் சொல்ல முடியாத நேரம். அந்த நேரத்தில் கர்னல் சிரில் ஸ்டிரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் வேலையை ஒப்படைத்து, சீக்கிரம் கட்டி முடிக்கச் சொன்னார். சில வாரங்களில் சின்னம் எழுந்துவிட்டது. இத்தஃபாக், இத்மாத், குர்பானி என்று மூன்று சொற்களை அதில் பொறித்தார்கள்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். போஸின் உருவம் அதில் கிடையாது. இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து மடிந்த, பெயர் தெரியாத சிப்பாய்களுக்கான சின்னம் அது.

ஆகஸ்ட் 15இல் ஜப்பானின் சரணாகதி அறிவிக்கப்பட்டது. மறுநாள் போஸ் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். 18ஆம் தேதி தைபேயில் விமான விபத்து. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குத் திரும்பியது. தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனின் உத்தரவுப்படி அந்தச் சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஊரெல்லாம் பசியும் நோயுமாகக் கிடந்த அந்த நாட்களில், திரும்பி வந்த அரசு முதலில் செய்து முடித்த வேலைகளில் இதுவும் ஒன்று. ஒரு கல் தூணுக்கு எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்பதை அந்த அவசரமே காட்டிவிடுகிறது. 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூர் போனபோது, சின்னம் இருந்த இடத்தில் மாலை வைக்கும் பொது நிகழ்ச்சிக்கு ஏற்பாடாகியிருந்தது. மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொண்டதால் அந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டது. தகர்த்த பிறகும் அந்த வெற்றிடத்துக்கு ஒரு மாலை விழுவதை அவர்கள் விரும்பவில்லை.

நேதாஜிக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களை வரிசையாக எடுத்துப் பார்க்கும் எவரும் இந்த முதல் சின்னத்திலிருந்து தொடங்குவதே நியாயம். ஒரு விடுதலைப் படைத் தலைவருக்குச் சின்னம் எழுப்பும்போது யாரைக் கௌரவிக்கிறோம்? தலைவரையா, அவர் பின்னால் நடந்தவர்களையா? போஸ் தன் கையால் நாட்டிய ஒரே சின்னத்தில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த எண்பது ஆண்டுகளில் நாம் எழுப்பியவை பெரும்பாலும் அந்தப் பதிலுக்கு எதிர்த்திசையில் போயிருக்கின்றன. அவருடைய உருவம் வளர்ந்துகொண்டே வந்தது. சிப்பாய் மறைந்துகொண்டே போனார்.

கொல்கத்தாவின் சியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் நேதாஜி குதிரைமேல் இருக்கிறார். பம்பாய்ச் சிற்பி நாகேஷ் யோக்லேகர் செய்த வெண்கலச் சிலை, 1969இல் நிறுவப்பட்டது. வட கொல்கத்தாவுக்கு அதுதான் அடையாளம். நகரத்தின் உடம்போடு ஒட்டிப்போன சிலை. ஆனால் குதிரை எங்கிருந்து வந்தது? ஐ.என்.ஏ. காலாட்படை. மணிப்பூர்க் காட்டிலும் பர்மாச் சேற்றிலும் நடந்தே போய், நடந்தே திரும்பிய படை. ஐரோப்பிய நகரங்களில் மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் குதிரைச் சிலை வைக்கும் வழக்கம் பிரிட்டிஷார் வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தது. அவர்களுடைய தளபதிகள் குதிரைமேல் நின்ற நகரத்தில் நம்முடைய தளபதியும் குதிரைமேல் இருக்க வேண்டும் என்று மக்கள் விரும்பியதில் தன்மானம் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்தக் குதிரையின் உயரம் கால்நடையாகப் போனவர்களைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

சீருடைக்கும் இதே கதைதான். நாடெங்கும் உள்ள நேதாஜி சிலைகளில் பெரும்பாலானவை ராணுவத் தொப்பியும் முழங்கால் பூட்ஸும் போட்டவை. 1943 ஜூலை 5ஆம் தேதி சிங்கப்பூர் பாடாங் திடலில் அணிவகுப்பை ஏற்றதிலிருந்து 1945 ஆகஸ்ட் வரைக்கும் கணக்கிட்டால் ஐ.என்.ஏ. தலைவராக அவர் வாழ்ந்தது இருபத்தைந்து மாதம். அதற்கு முன்னால் இருபது ஆண்டு அரசியல் வாழ்க்கை இருக்கிறது. 1921இல் ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தார். சித்தரஞ்சன் தாஸ் மேயராக இருந்தபோது கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தார், பிறகு தானே மேயரானார். மாண்டலே சிறையில் நுரையீரல் கெட்டது. 1938இல் ஹரிபுரா காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, சுதந்திர இந்தியாவின் தொழில் வளர்ச்சிக்குத் திட்டமிட ஒரு தேசியத் திட்டக் குழுவை அமைத்தார். வேட்டி கட்டி, சால்வை போர்த்திய அந்தப் போஸ் கல்லில் அபூர்வமாகத்தான் கிடைக்கிறார். ராணுவப் பயிற்சி பெற்று வளர்ந்த தளபதி அல்ல அவர். நாற்பத்தாறு வயதில், நாடு கேட்டது என்பதற்காகச் சீருடை மாட்டிக்கொண்ட அரசியல்வாதி. சிலைகள் அந்தத் துணிச்சலைச் சொல்லாமல், பிறவித் தளபதி ஒருவரைக் காட்டிவிடுகின்றன.

டெல்லியில் நிலைமை கொஞ்சம் வேறு. ஜாமா மசூதிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே எட்வர்டு பார்க் இருந்தது. அங்கே குதிரைமேல் இருந்தவர் ஏழாம் எட்வர்டு மன்னர், தாமஸ் பிராக் செய்த சிலை. சுதந்திரத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். 1969இல் அது கனடாவின் டொரோன்டோ நகரத்தில் குயின்ஸ் பார்க்கில் போய் நின்றது, இன்றும் அங்கேயே இருக்கிறது. எட்வர்டு பார்க் சுபாஷ் பார்க் ஆனது. 1975 ஜனவரி 23இல் துணைக் குடியரசுத் தலைவர் பி.டி. ஜாட்டி அங்கே நேதாஜி சிலையைத் திறந்துவைத்தார். சிற்பி சதாசிவ் சாட்டே. இதில் நேதாஜி தனியாக இல்லை, தோழர்களும் கூட இருக்கிறார்கள். தலைநகரத்தில் இந்தச் சிலைக்குக் கிடைக்கும் கவனம் போதாது என்பது என் எண்ணம். பெரிய அரசு விழாக்கள் இங்கே வருவதில்லை. ஆனால் போஸின் மனத்துக்கு நெருக்கமாக டெல்லியில் ஒரு சிற்பம் இருக்கிறது என்றால் அது சாட்டே செய்த இந்தக் கூட்டச் சிற்பம்தான்.

விழாக்கள் போவது இந்தியா கேட்டுக்கு. அங்கே கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் கட்டிய 73 அடிக் கல்மண்டபம் ஒன்று வளைவுக்குக் கிழக்கே நிற்கிறது. அதற்குள் 1936இலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இருந்தது. 1968இல் அதை அகற்றி நகரத்தின் வட எல்லையில் உள்ள முடிசூட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மண்டபம் காலியாகவே கிடந்தது. காந்தி சிலை வைக்கலாம் என்ற யோசனை பலமுறை வந்தது, நடக்கவில்லை. மன்னர் போன இடம் காலியாக இருப்பதே நல்ல நினைவுச் சின்னம் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வாதத்தில் அழகு இருக்கிறது. ஆனால் அது படித்தவர்களுக்குள் சுற்றிவந்த அழகு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்ட குடும்பங்களுக்கு அது வெறும் காலி மண்டபம்.

2022 ஜனவரியில், போஸின் 125ஆவது பிறந்தநாளை ஒட்டி, அந்த மண்டபத்தில் அவருடைய ஒளியுருவம் காட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 8இல் 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்டது. தெலங்கானாவிலிருந்து எடுத்த 280 டன் பாறையை 1,665 கிலோமீட்டர் தூரம் கொண்டுவர, 140 சக்கரம் கொண்ட வண்டி தேவைப்பட்டது. மைசூருச் சிற்பி அருண் யோகிராஜின் தலைமையில் 26,000 மணி நேர உழைப்பில் அது 65 டன் சிலையாக உருவெடுத்தது. சல்யூட் அடித்து நிற்கும் நேதாஜி. கல்வேலை தேர்ந்த வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒற்றைக் கல்லில் அவ்வளவு பெரிய உருவத்தைச் சிதையாமல் வெளியே எடுப்பது சாதாரணமல்ல. பேரரசின் மன்னர் நின்ற இடத்தில் பேரரசை எதிர்த்துப் படை திரட்டியவர் நிற்பதில் நெஞ்சு நிறையத்தான் செய்கிறது. டெல்லிக்குப் போவோம் என்று கிளம்பிய படையின் தலைவர் டெல்லியின் நடுவில் நிற்கிறார்.

அந்தச் சல்யூட் யாருக்கு என்பதுதான் என் கேள்வி. அந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. ஒன்று இந்தியா கேட் வளைவு. 1931இல் திறக்கப்பட்ட அதன் சுவர்களில், முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கான் போரிலும் இறந்த சுமார் 13,300 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இன்னொன்று 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம். அதன் வட்டச் சுவர்களில் சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களில் இறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. முன்னது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு, பின்னது சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு. இவை இரண்டுக்கும் நடுவே காலத்தால் நிற்கும் படை ஐ.என்.ஏ. அதன் சிப்பாய் வளைவின் பட்டியலில் வர முடியாது, அது முந்தைய போர்களுக்கானது, அவரோ பேரரசுக்கு எதிராகப் போனவர். வட்டச் சுவரிலும் வர முடியாது, 1947க்கு முன்னால் இறந்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் உள்ள மண்டபத்தில் அவருடைய தலைவர் மட்டும் பெயரோடு நிற்கிறார்.

போர் நடந்த இடங்களிலும் இதே இடைவெளிதான். கோஹிமாவின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள். சிதையூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களுக்குத் தனி நினைவுச் சுவர். சிங்கப்பூர் கிராஞ்சியில் உடல் கிடைக்காமல் போன 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கற்சுவர்களில் இருக்கின்றன, அவற்றில் இந்தியப் பெயர்கள் ஏராளம். பேரரசு தன் பக்கம் நின்று மடிந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு வரி கொடுத்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்த ஒழுங்கைப் பார்க்கும்போதெல்லாம், நம் பக்கம் நின்று மடிந்தவர்களுக்கு ஒரு வரி கூட எங்கே என்ற கேள்வி சுடுகிறது.

இந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45 ஆயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு ஆங்கில அதிகாரிகள் விலகிக்கொண்டார்கள். அவர்களில் பலர் மோகன் சிங் தலைமையிலான முதல் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள், பலர் சேர மறுத்து முகாம்களில் செத்தார்கள். சேர்ந்தவருக்கும் மறுத்தவருக்கும் தங்கள் தங்கள் நியாயம் இருந்தது. 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது நாடே கொதித்தது. பூலாபாய் தேசாய் வாதாடினார். நாடு கடத்தல் தண்டனை விதித்த அரசாலேயே அதை நிறைவேற்ற முடியவில்லை, தலைமைத் தளபதி ஆச்சின்லெக் தண்டனையை ரத்து செய்தார். ஆனால் 1947க்குப் பிறகு வந்த சுதந்திர அரசு ஐ.என்.ஏ.க்காரர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. எடுத்த உறுதிமொழியை மீறியவர்களைச் சேர்த்தால் படையின் கட்டுப்பாடு குலையும் என்பது ராணுவத்தின் வாதம். அந்த வாதத்தில் ஒரு நிர்வாக நியாயம் இருக்கலாம். ஆனால் அதன் விளைவு, இறந்தவர்களுக்கும் படைப்பிரிவு இல்லாமல் போனது. படைப்பிரிவு இருந்தால்தானே யாராவது பெயர்ப்பட்டியல் வைத்துக் காப்பார்கள்? உயிரோடு மிஞ்சியவர்களுக்கு 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் இடம் கிடைத்தது. அதுவும் விண்ணப்பம், சான்று, சக கைதியின் உறுதிமொழி என்று அலையவிட்ட பிறகு.

மொய்ராங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணிப்பூரின் லோக்தாக் ஏரிக்கரையில் உள்ள இந்தச் சிறு ஊரில் 1944 ஏப்ரல் 14இல் கர்னல் ஷௌகத் மாலிக் ஐ.என்.ஏ. கொடியை ஏற்றினார். உள்ளூர் மெய்தி மக்களில் பலர் உடன் நின்றார்கள். அவர்களில் ஒருவரான மைரெம்பம் கொய்ரெங் சிங் பின்னால் மணிப்பூரின் முதலமைச்சரானார். மழை, மலேரியா, பட்டினி மூன்றும் சேர்ந்து அந்தப் படையைத் தின்றன. ஜூலையில் பின்வாங்கல் தொடங்கியது. அந்தப் பின்வாங்கலில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் அதிகம். இந்த ஊரில்தான், மவுண்ட்பேட்டன் தகர்த்த சிங்கப்பூர்ச் சின்னத்தைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து அதே வடிவில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1969இல் இந்திரா காந்தி அங்கே நினைவு மண்டபத்தைத் திறந்துவைத்தார். வெண்கல நேதாஜி சிலையும் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. வெடிவைத்து அழித்த ஒன்றைப் போர் நடந்த மண்ணிலேயே திருப்பி நட்டது நாம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. இந்தியாவில் உள்ள எல்லா நேதாஜி சின்னங்களிலும் எனக்கு முதன்மையானது இதுதான். காரணம் எளிது: இது சிப்பாய்க்காகப் போஸ் தேர்ந்தெடுத்த வடிவம்.

சிங்கப்பூரில் மூலச் சின்னம் நின்ற இடத்தில் இன்று இருப்பது ஒரு சிறிய குறிப்புக் கல். போர் முடிந்து ஐம்பதாவது ஆண்டான 1995இல், அங்குள்ள இந்தியச் சமூகத்தின் நன்கொடையோடு தேசிய மரபுடைமைக் கழகம் அதை வைத்தது. இன்னும் பெரிதாக வைத்திருக்கலாமே என்று இந்தியாவிலிருந்து போகிறவர்கள் குறைப்படுவதுண்டு. நான் அந்தக் குறையில் சேர மாட்டேன். அதே எஸ்பிளனேட் பூங்காவில், சில எட்டில், லிம் போ செங்கின் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜப்பானியரை எதிர்த்து ஃபோர்ஸ் 136 ரகசியப் படையில் வேலை செய்து, பிடிபட்டு, 1944 ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் இறந்தவர். பத்தாண்டு கழித்து அதே தேதியில் அவருக்குச் சின்னம் திறந்தார்கள். சாலையைத் தாண்டினால், ஜப்பானிய ஆக்கிரமிப்பில் கொல்லப்பட்ட குடிமக்களுக்கு 1967இல் எழுப்பிய நான்கு உயர்ந்த தூண்கள். 1942 பிப்ரவரி, மார்ச்சில் சூக் சிங் என்ற பெயரில் ஜப்பானியர் சீன ஆண்களை லாரி லாரியாகக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதே ஜப்பானின் துணையோடு நின்ற படை ஐ.என்.ஏ. நம் விடுதலைப் படை இன்னொருவரின் கொலையாளியோடு கைகோத்து நின்றது என்ற உண்மையை அந்த ஊரில் மறைக்க முடியாது. அந்தச் சிறு கல்லின் அடக்கம் அண்டை வீட்டுத் துக்கத்துக்குக் கொடுத்த மரியாதை.

தமிழர்களுக்கே அந்த உண்மை இரண்டு பக்கமும் வெட்டியது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும், அதே தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் வாரிக்கொண்டு போனவர்களும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவர் துப்பாக்கி பிடித்தார், இன்னொருவர் காலராவில் செத்தார். ஐ.என்.ஏ. வீரரைப் பற்றிப் பெருமையாக எழுதும் நாம், பல்லாயிரக்கணக்கில் அங்கே மாண்ட அந்த அண்டை வீட்டுக்காரரை மறந்துவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியவர்கள் ஆவோம்.

அந்தமானில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. 1943 டிசம்பர் 30இல் போர்ட் பிளேரில் போஸ் கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷகீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். 2018இல் ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயரும், நீல், ஹேவ்லாக் தீவுகளுக்கு அவர் சூட்டிய அந்த இரண்டு பெயர்களும் அதிகாரபூர்வமாக வந்தன. ஆனால் அவர் வந்துபோன ஒரே மாதத்தில், 1944 ஜனவரி 30இல், ஹோம்ஃப்ரேகஞ்ச் என்ற இடத்தில் இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்த 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் காலேபானி சித்திரவதையில் இறந்திருந்தார். சென்னைக்காரரான மருத்துவர் ஏ.டி. லோகநாதனை போஸின் தற்காலிக அரசான ஆசாத் ஹிந்த் அரசு அந்தமானுக்குத் தலைமை ஆணையராக அனுப்பியது. கல்வித் துறையைத் தவிர வேறெதையும் ஜப்பானியர் அவர் கையில் கொடுக்கவில்லை. சில மாதங்களில் மனம் கசந்து திரும்பிவிட்டார். கொடியேற்றிய இடத்துக்கு வரும் கூட்டத்தில் ஒரு பங்காவது ஹோம்ஃப்ரேகஞ்ச் நினைவிடத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் பார்த்தவருக்குத்தான் போஸ் நின்ற இடத்தின் நெருக்கடி புரியும். தன் மக்களைக் கொல்லும் கூட்டாளியை விட்டு விலகவும் முடியாமல், அவனைத் தடுக்கவும் முடியாமல் நின்றார் அவர். இதைச் சொல்வதால் அவர் சிறுத்துவிட மாட்டார்.

போஸுக்குச் சமாதி கிடையாது என்பது இந்தச் சிலைகளின் எண்ணிக்கையை ஓரளவு விளக்குகிறது. தோக்கியோவில் அஸ்தியைப் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர் தமிழர், ஆசாத் ஹிந்த் அரசின் விளம்பர அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயர். 1945 செப்டம்பரிலிருந்து அது ரெங்கோஜி என்ற சிறு பௌத்தக் கோயிலில் இருக்கிறது. நேரு போனார், ராஜேந்திர பிரசாத் போனார், இந்திரா போனார், வாஜ்பாய் போனார். அஸ்தி மட்டும் வரவில்லை. 1956இல் ஷா நவாஸ் குழுவும், பிறகு கோஸ்லா ஆணையமும் விமான விபத்தை உறுதிப்படுத்தின. 2005இல் அறிக்கை கொடுத்த முகர்ஜி ஆணையம் விபத்தை மறுத்தது, அரசு அந்த முடிவை ஏற்கவில்லை. அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை வங்கத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் உயிரோடு இருந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் தமிழ்நாட்டில் மேடை மேடையாக அதைச் சொன்னார். அடக்கம் செய்யாத தலைவருக்கு ஊர் ஊராகச் சிலை வைப்பதில் ஒரு தீராத துக்கம் இருக்கிறது. அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் எப்படி இறந்தார் என்று கேட்க மூன்று விசாரணை வைத்த நாடு, அவருடைய படையில் யார் யார் இறந்தார்கள் என்று கேட்க ஒன்று கூட வைக்கவில்லை.

யார் அவர்கள்? ஐ.என்.ஏ. நாற்பதாயிரம் பேருக்கு மேல் கொண்ட படை. போர்க்கைதிகளாக இருந்து சேர்ந்தவர்கள் ஒரு பங்கு. 1943க்குப் பிறகு மலாயாவிலும் பர்மாவிலும் குடிமக்களாக இருந்து சேர்ந்தவர்கள் இன்னொரு பங்கு. அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள், கங்காணியின் அதட்டலுக்கு நடுங்கியவர்கள், எழுத்து தெரியாதவர்கள், இந்தியாவைப் பார்த்தே இராத இளைஞர்கள். இவர்கள் ராணுவத்துக்குச் செய்த உறுதிமொழியை மீறியவர்கள் இல்லை, உறுதிமொழியே அவர்கள் செய்ததில்லை. செங்கோட்டை விசாரணையில் எழுந்த கேள்வி எதுவும் இவர்களைத் தொடாது. சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களிலும் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். கேப்டன் லட்சுமியை நாடு அறியும், பத்ம விபூஷண் கொடுத்தது. கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பர்மாவிலிருந்து பின்வாங்கும் வழியில், ரயில்மீது நடந்த தாக்குதலில் இறந்த ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு பெண்களின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

சென்னைக்குள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. பினாங்கில் பயிற்சி பெற்று, ரகசியமாக இந்தியாவுக்குள் வந்து பிடிபட்டவர்களில் நால்வரை 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள்: வக்கம் காதர், ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். ஒரு முஸ்லிம், இரண்டு இந்துக்கள், ஒரு சீக்கியர். போஸ் சிங்கப்பூர்க் கல்லில் பொறிக்கச் சொன்ன முதல் சொல்லுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். காதரைக் கேரளம் கொண்டாடுகிறது. அவர்கள் உயிர்விட்ட சென்னையில் அந்தப் பெயர்களைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

சாதாரண வீரனின் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. செங்கத்திலும் தருமபுரியிலும் கிடைத்த நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். அடுத்து ஊர், என்ன சண்டை, எதற்காக, பிறகு செத்தவன் பெயர். அரசன் அந்தக் கல்லில் ஒரு தேதி மட்டுமே. கல் வீரனுடையது. ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னால் கொடுத்த இடத்தை, நாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை.

பெயர்கள் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. 2019இல் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் இந்திய வரலாற்று ஆய்வுக் கழகமும் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட தியாகிகள் அகராதியில் ஐ.என்.ஏ. வீரர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். ஊர், தந்தை பெயர், இறந்த இடம் என்று பல பதிவுகளில் விவரமும் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. தியாகிகள் ஓய்வூதிய விண்ணப்பங்களில், உயிரோடு வந்தவர்கள் தங்களோடு போய் வராதவர்களைப் பற்றிச் சொன்ன சாட்சியங்கள் கிடக்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உள்ளன. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலைக்கு அரசியல் துணிச்சல் தேவையில்லை. சில ஆண்டுச் சம்பளமும், உருது, பஞ்சாபி, தமிழ், மலையாளம், மெய்தி தெரிந்த ஒரு சிறு ஆய்வுக் குழுவும் போதும். பட்டியல் முழுமையாக இருக்காது. கிராஞ்சிப் பட்டியலும் ஒரே நாளில் முழுமையாகவில்லை, இன்றும் திருத்துகிறார்கள்.

கிடைத்த வரையில் அந்தப் பெயர்களை முதலில் மொய்ராங்கில் வெட்ட வேண்டும், அவரவர் எழுத்திலேயே. இந்தியா கேட் மண்டபத்தைச் சுற்றிலும் புல்வெளிதான், ஒரு தாழ்ந்த சுவருக்கு அங்கே இடம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர் பக்கத்து ஊர்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தாவின் ஒரே படம், ஒரு பழைய கடிதம், ஒரு ரங்கூன் முகவரி என்று அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை இன்னொரு தலைமுறைக்கு மிஞ்சாது. மாநில ஆவணக் காப்பகம் மாவட்டம் மாவட்டமாகப் போய் அவற்றைப் படியெடுக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம்.